தோல் மிசி

ஆளைப் பார்த்ததும் சுகம் விசாரிக்கிற பழக்கம் எங்கள் மிசியம்மாவுக்குக் கிடையாது. முதலில் கீழிமையை இழுத்துப் பார்ப்பார். பிறகு நாக்கை நீட்டச் சொல்வார். பிறகு செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பச் சொல்வார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பேச்சு. தோட்டத்துக்கு வந்த முதல் வாரம் தொரையின் சம்சாரம் அவரை பங்களாவுக்குக் கூப்பிட்டு கேக் வைத்துக் கொடுத்தாராம். பத்து நிமிடத்தில் அந்த அம்மாள் தன் சொந்த வீட்டு சோபாவில் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக பங்களாவில் வேலை செய்த பெண் வந்து சொன்னாள். கேக் எப்படி இருந்தது என்று கேட்டோம். அதைத் தின்ன அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்றாள்.

மிசி என்றால் அரசாங்க மிட்வைஃப். எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில், பாதி தேயிலை, பாதி ரப்பர். எங்களோடு சேர்த்து இன்னும் மூன்று தோட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. வாரத்துக்கு இரண்டு நாள் எங்களிடம் வருவார். கிளினிக் வைக்கத் தனி இடம் இல்லாததால் பிள்ளைக்காம்பராவில் வைப்பார். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. அங்கே பொறுப்பாக இருந்தவள் நான். அதனால் மிசியம்மாவுக்கு மேசை இழுத்துப் போட்டது, துணி கட்டியது, பேர் எழுதியது, ஏச்சு வாங்கியது எல்லாமே நான்தான். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் அவர் என்னை வாடி போடி என்பார், நான் அவரை வாங்க போங்க என்பேன். அது அப்படியே பழகிப்போனது.

அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான், குருவிட்டப் பக்கம். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை படித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்தால் கொஞ்சம் மெதுவாகப் பேசும் என்று எதிர்பார்ப்போம். இவர் பேசினால் தண்ணீர்ப் பீலிக்கரையில் துணி துவைக்கிறவர்களே தலையைக் குனிந்துகொள்வார்கள். உடம்பில் இருக்கிற எந்த இடத்துக்கும் அவர் செல்லப்பேர் வைத்ததில்லை. உள்ள பேரைச் சொல்லுவார், அதையும் சத்தமாகச் சொல்லுவார். தமிழில் சொல்லி யாராவது நெளிந்தால் சிங்களத்தில் இன்னொரு முறை சொல்லுவார். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் சிங்களம் தெரியும், அதனால் தப்பிக்க வழியில்லை.

அவருக்கு எல்லாமே தோல். வெளித்தோல் மட்டும் இல்லை, உள்தோலும். மனிதன் ஒரு குழாய் என்பார். வாயில் ஆரம்பித்து மறுபக்கம் முடிகிற வரைக்கும் உள்ளே தோல் விரித்திருக்கிறது, மூச்சுக்குழலிலும் தோல், மூத்திரப்பையிலும் தோல், கர்ப்பப்பையிலும் தோல், நடுவில் இருக்கிற மிச்சச் சாமான்களைப் பற்றிப் பெரிய டாக்டர்கள் கவலைப்படட்டும் என்பார். புத்தகத்தில் இதற்கு மேலணி இழையம் என்று பேர். தாய்மார் கூட்டத்தில் ஒரேயொரு முறை அந்தப் பேரைச் சொன்னார். எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகு தோல் என்றே வைத்துக்கொண்டார். தோட்டத்துப் பிள்ளைகள் அவருக்குத் தோல் மிசி என்று பேர் வைத்தார்கள். அவருக்கு அது தெரியும். கோபம் வரவில்லை, ஒரு மாதிரிப் பெருமைதான்.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளின் வர்ணக்குச்சியால் படம் வரைவார். வாய்க்குள் இருப்பது தட்டைத் தட்டையாக, அடுக்கடுக்காக. மேலே இருக்கிற அடுக்கு தேய்ந்து விழ விழ, கீழிருந்து புதிசு ஏறி வரும். குடலுக்குள் இருப்பது ஒரே வரிசை, நெட்டையாக நிற்கும், தின்றதை உறிஞ்சுவது அதன் வேலை. மூச்சுக்குழலில் ஒவ்வொன்றுக்கும் தலையில் மயிர் மாதிரி இருக்கும், தூசியையும் சளியையும் மேலே கூட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். மூத்திரப்பையில் இருப்பது இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். இந்தத் தோல்களுக்குள் ரத்தக்குழாய் கிடையாது, கீழே ஒரு மெல்லிய விரிப்பு இருக்கிறது, அதைத் தாண்டித்தான் சாப்பாடு ஊறி வரும் என்று சொல்லி, அந்த விரிப்பை மட்டும் சிவப்பில் அழுத்திக் கோடு போடுவார். கைப்பிள்ளைக்கு நாப்கின் மாற்ற வந்தவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளை நனைந்தபடியே கிடக்கும்.

அவர் போகிற இடமெல்லாம் தோல் பேச்சுதான். டவுனில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம், குடலில் இருக்கிற தோலே நாலைந்து நாளைக்கு ஒருமுறை புதிசாகிறது, உங்கள் கடை மேசைச்சீலை போன பெருநாளுக்கு விரித்தது அப்படியே கிடக்கிறதே என்றார். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானா அடுத்த நாள் சீலையை மாற்றிவிட்டு, மிசியம்மா பார்க்கட்டும் என்று வாசலுக்கு நேரே இருந்த மேசையில் மட்டும் பூப்போட்டதை விரித்திருந்தார்.

கோயில் தீமிதியில் இன்னும் மோசம். பூக்குழி இறங்கப் போகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பாதத்தைத் தடவிப் பார்த்தார். மலை ஏறி இறங்கிக் காய்த்துப்போன பாதங்கள். இவ்வளவு செத்த தோல் இருக்கிறவனை நெருப்பு ஒன்றும் பண்ணாது, பெருமையைச் சாமிக்குப் பாதி, குதிகாலுக்குப் பாதி பங்கு வையுங்கள் என்று கமிட்டித் தலைவரிடமே சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்து லீவில் வந்திருந்த ஒருவனைப் பிடித்து, இவன் சப்பாத்துப் போட்டு மெதுவாகிப்போன கால்காரன், இவனை இறக்காதீர்கள் என்றார். கமிட்டி கேட்கவில்லை. அவன் இறங்கினான். மறுநாள் காலையில் பிள்ளைக்காம்பராவில் இரண்டு பாதத்துக்கும் மருந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிசியம்மா அவனை ஒரு வார்த்தை குத்தவில்லை. கட்டு மாற்ற ஒரு வாரம் நடந்து வந்தார்.

அவருக்கு உண்மையில் பயம் காட்டியது வெற்றிலை. காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடத்தில், ஒருநாள் டோர்ச்சோடு வந்து நின்றார். பெரிய கங்காணி வாயில் ஒரு குதப்பு வெற்றிலை. துப்பச் சொன்னார், கொப்பளிக்கச் சொன்னார், ஆ காட்டச் சொன்னார். நூறு பேர் முன்னால் அந்த மனுசன் ஆ காட்டிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டேன். கன்னத்துக்கு உள்பக்கம் ரப்பர் மரத்து ஒட்டுப்பால் காய்ந்தது போல வெள்ளையாக ஒரு திட்டு. கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னார். பொம்பளைகள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கங்காணி ஒரு மாதம் அவரைப் பார்த்தாலே பாதை மாறிப் போவார். ஆனால் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, வெற்றிலையையும் விட்டுவிட்டார். பிறகு அவரே வாயைத் திறந்து பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்ட ஆரம்பித்தார். நாங்கள்தான் பாதை மாறிப் போனோம்.

இப்படிப்பட்டவருக்கு வெட்கம் என்கிற சாமான் வைத்துப் படைக்கப்படவில்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம்.

எங்கள் வெட்கமோ வேறு ஜாதி. ரப்பர் பால் வெட்டுகிற பெண்களுக்கு ஒரு வாடை உண்டு. கையில் காய்ந்த பாலும், கூடையில் ஊறிய ஒட்டுப்பாலும் சேர்ந்து, எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாது. கேகாலை பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜன்னலைத் திறப்பார். அவர் காற்றுக்குத்தான் திறந்திருப்பார், ஆனாலும் நமக்குத்தான் சுருக்கென்று இருக்கும். அதனால் எங்கள் பெண்கள் எங்கே போவதென்றாலும் தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போவார்கள். டாக்டரிடம் போவதென்றால் கேட்கவே வேண்டாம்.

சுவநாரி என்கிற பெண்கள் கிளினிக் எங்கள் தோட்டத்துக்கு முதன்முதலாக வந்தபோது நடந்தது இதனால்தான். முப்பத்தைந்து தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாசலில் லேசாகச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்புவார்கள், புற்று வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். மிசியம்மா வீடு வீடாகப் போய் இருபத்திரண்டு பேரைச் சேர்த்தார். வரும்போது எப்படி வர வேண்டும் என்று என்னிடம் ஒரு தாள் கொடுத்து எல்லாருக்கும் வாசித்துச் சொல்லச் சொன்னார். நான் வாசித்தேன். முந்தின நாளிலிருந்து உள்ளே கழுவக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. சிங்களத்திலிருந்து தமிழுக்குத் திருப்பியவர் ஏதோ குழப்பிவிட்டார் என்று நினைத்து அதை நானே திருத்திக்கொண்டேன். கழுவாமல் டாக்டரிடம் போகச் சொல்லி எந்த அரசாங்கம் எழுதும்?

திருத்தியதோடு விட்டேனா? கிளினிக் அன்று காலை பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுகிற பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, வேப்பிலை, மஞ்சள், நாலு எலுமிச்சம்பழம் போட்டு இறக்கி, ஆளுக்கு ஒரு வாளி கொடுத்தேன். தோட்டத்து மானம் நம் கையில் இருக்கிறது, நல்லா உள்ளே வரைக்கும் கழுவிவிட்டு வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். பத்தொன்பது பேர் மணக்க மணக்க வந்து படுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. மற்ற மூன்று பேர் கீழ் டிவிஷன்காரிகள். பானை காலியான பிறகு வந்து சேர்ந்ததால் வெட்டிவிட்டு வந்த கோலத்திலேயே படுத்தார்கள். எங்களுக்கு அவர்களை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

ரிப்போர்ட் வந்த வாரம் மிசியம்மா லீவு. உறை என் கைக்கு வந்தது. நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், இங்கிலீசில் நாலு எழுத்து கூட்டுவேன். பத்தொன்பது கார்டில் மேலணிக் கலங்கள் எதுவும் காணப்படவில்லை என்று இருந்தது. மூன்றில் கலங்கள் காணப்பட்டன என்று இருந்தது. அந்தப் பத்தொன்பதின் அடியிலும் மறுபடி என்று ஒரு சொல். ஐந்து வருடம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பெரட்டில் நின்று சத்தமாக வாசித்தேன். பத்தொன்பது பேருக்கு ஒன்றும் இல்லை, மூன்று பேருக்குத்தான் ஏதோ கண்டிருக்கிறது. கீழ் டிவிஷன்காரிகள் மூவரும் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் பத்தொன்பது பேரும் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.

அந்தப் பொங்கலில் அதிகமாகச் சந்தோசப்பட்டவள் என் மதினி, அண்ணன் சம்சாரம், பக்கத்து லயத்தில் இருந்தாள். தோட்டத்திலேயே சுத்தமாக வெட்டுகிற கை அவளுடையது. ஆறு மாதமாக அவளுக்கு மாத நாட்களுக்கு இடையிலும் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. பீலிக்கரையில் என்னிடம் மட்டும் சொல்லி, பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். கார்டை வாசித்த அன்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வயிற்றில் கிடந்த கல்லை இறக்கி வைத்துவிட்டாய் என்றாள்.

மிசியம்மா லீவு முடிந்து வந்தபோது கோயிலில் மிச்சப் பொங்கல் இருந்தது. இலையில் வைத்துக் கொடுத்தேன். என்ன விசேசம் என்று கேட்டார். சொன்னேன். கார்டுகளைக் கேட்டார். பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கார்டைப் பார்த்துவிட்டுப் பொங்கலைப் பார்ப்பார், பொங்கலைப் பார்த்துவிட்டுக் கார்டைப் பார்ப்பார்.

"மேல் டிவிஷன் பொம்பளைங்களுக்கு மட்டும் எப்பிடிடி ஒரு கலமும் இல்லாமப் போச்சு? எதுல கழுவுனீங்க?"

வேப்பிலை என்றேன். மஞ்சள் என்றேன். கொஞ்சம் எலுமிச்சம்பழமும் என்றேன்.

"மொளகும் சீரகமும் போட்டிருந்தா ரசம் வச்சிருக்கலாம். ஏன் விட்ட?"

பிறகு நிறுத்தி நிதானமாக விளக்கினார். மேலே உதிரத் தயாராக இருக்கிற அந்த மெல்லிய அடுக்கைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அதைத்தான் நான் வாளி வாளியாக ஊற்றிக் கழுவி விட்டிருக்கிறேன். கலம் இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை, பார்க்கவே ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். தலைகவிழ்ந்து உட்கார்ந்த அந்த மூன்று பேருக்குத்தான் கார்டு சுத்தமாக வந்திருக்கிறது. மதினியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. மிசியம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. எத்தனை மாசமாக என்று மட்டும் கேட்டார். ஆறு என்றதும் எழுந்து பொங்கலை இலையோடு மடித்து நாய்க்குப் போட்டார்.

அடுத்த வாரம் கிளினிக் திரும்பவும் வரும் என்று அறிவித்தார். யாரும் பேர் கொடுக்கவில்லை. ஒரு தடவை காட்டியாகிவிட்டது, காட்டுகிறதற்கு என்ன படமா ஓடுகிறது என்றார்கள். மதினி ஒரே பிடியாக மாட்டேன் என்றாள். எனக்குச் சுத்தம் என்று கார்டு வந்திருக்கிறது, நீதானே வாசித்தாய் என்றாள்.

மறுநாள் விடிந்த கையோடு மிசியம்மா ரப்பர் மலைக்கு ஏறி வந்தார். நான் கூடப் போனேன். மதினி மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தாள். நோயைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. கத்தியைக் கொடு, எனக்கும் வெட்டச் சொல்லிக் கொடு என்றார். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மிசியம்மா ஒரு இழுப்பு இழுத்தார், பட்டை பிய்ந்து வெள்ளை மரம் தெரிந்தது. மதினி பதறிப்போய்க் கத்தியைப் பிடுங்கினாள்.

"மரத்தக் காயப்படுத்திட்டீங்களே. பட்டை வேற, மரம் வேறங்க. கத்தி பட்டையோட நிக்கணும். மரத்தத் தொட்டா முடிச்சு விழுந்துரும், அப்புறம் அந்த எடத்துல பட்டை ஒழுங்கா வராது."

"பட்டையில நோய் வந்தா?"

"செதுக்கி எடுத்துட்டு மருந்து பூசுவோம். புதுப்பட்டை வந்துரும்."

"மரத்துக்குள்ள போயிருச்சுன்னா?"

மதினி பால் பிடிக்கிற கொட்டாங்கச்சியைத் துடைத்து வைத்தாள். மிசியம்மா அவள் தோளில் கைவைத்து, உன் உடம்பிலும் அப்படித்தான் ஒரு பட்டை இருக்கிறது, அதற்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரிப்பு இருக்கிறது, நோய் அதைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு சொட்டு வேண்டும், மரத்தை நான் தொட மாட்டேன் என்றார். மதினி என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கிளினிக் நாள் வந்தது. பெண்கள் வந்தார்கள், வேடிக்கை பார்க்க. வாசலில் கூட்டமாக நின்றார்களே தவிர ஒருத்தியும் உள்ளே வரவில்லை. மதினி எல்லாருக்கும் பின்னால், வெட்டு உடுப்போடு, தூணில் சாய்ந்து நின்றாள். லேடி டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மிசியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேசையில் ஏறிப் படுத்தார்.

டாக்டர் சிங்களத்தில் என்னவோ சொன்னார். "ஹரி ஹரி மிஸ், சரி, பண்ணுங்க" என்றார் இவர். கால்பக்கம் நான் கட்டியிருந்த சேலையை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, தலைப்பக்கத்துச் சேலையை மட்டும் அவிழ்க்கச் சொன்னார். வாசலில் நின்ற எல்லாருக்கும் அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க. வலிச்சா மூஞ்சில தெரியும். நாலு மைல் நடந்து வந்திருக்கேன், குளிக்கல, கழுவல. எனக்கில்லாத வாடையா ஒங்களுக்கு?"

டாக்டர் குனிந்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு நிமிர்ந்து மிசியம்மாவின் முகத்தைப் பார்த்தார். இவர் தலையை லேசாக ஆட்டினார். டாக்டர் மறுபடி குனிந்து, ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து எதையோ தடவி என்னிடம் நீட்டினார். மிசியம்மா அந்த நேரமெல்லாம் வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளை பெற்றபோது கத்தின கத்தலில் பாதி கூட இதற்குத் தேவையில்லை என்றார். இரண்டு தோல் வந்து சேருகிற தையல் இது, உள்ளேயிருந்து வருவது ஒத்தை வரிசை, வெளியேயிருந்து வருவது அடுக்கு, சட்டையில்கூட எங்கே முதலில் பிய்யும், தையலில்தானே என்றார். யாரோ சிரித்தார்கள். இறங்கி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, அடுத்தது யார் என்று கேட்டார். நான் போனேன். எனக்குப் பின்னால் கீழ் டிவிஷன்காரிகள், தங்களுக்குத் தேவையே இல்லை என்று சொல்லியும் துணைக்கு வந்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக மற்றவர்கள். கடைசியில் மதினி, கையில் பால் காய்ந்து உரிந்துகொண்டிருக்க, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிப் படுத்தாள்.

இந்த முறை கார்டுகளை மிசியம்மாவே வாசித்தார், ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு. பதினெட்டுப் பேர் சுத்தம். மதினிக்குத்தான் மாற்றம் கண்டிருந்தது. அதைச் சொல்ல அவர் மறுபடியும் மலைக்கே போனார். பட்டையோடு நிற்கிறது, மரத்தைத் தொடவில்லை என்றார். கேகாலை ஆஸ்பத்திரியில் அந்த இடத்தை மட்டும் கூம்பு மாதிரி செதுக்கி எடுத்தார்கள். விரிப்பைத் தாண்டவில்லை என்று அங்கேயும் உறுதியாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த அன்று மதினி என்னைக் கூப்பிட்டு, சத்தியம் தவறினதற்கு உன்னை மன்னிக்க மாட்டேன் என்றாள். சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். இன்றைக்கும் அவள் வெட்டுகிறாள். அந்த மன்னிப்பு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, தேவையும் இல்லை.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. பேர் எழுதினவள் நான். மிசியம்மாவின் பேரும் அந்தத் தாளில் இருந்தது. அவருடைய கார்டு மட்டும் வரவில்லை. டாக்டர் குனிந்தபடியே நின்ற நேரமும் பார்த்த பார்வையும் மனதைவிட்டுப் போகவில்லை. ஏதோ கெட்டது கண்டுவிட்டார்கள், இவர் மறைக்கிறார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. மூன்று இரவு தூக்கம் இல்லை. ஒரு மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றபோது, நீங்கள் எங்களை ஏசினது போதும், உங்கள் ரிப்போர்ட்டை இப்போது என்னிடம் காட்ட வேண்டும் என்று கேட்டேவிட்டேன்.

அவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு, கீரை தின்னு என்றார். நான் விடவில்லை.

"எனக்கு ரிப்போர்ட் வராதுடி. அந்த எடம் இருந்தாத்தானே சொரண்டுறதுக்கு? முப்பத்தாறு வயசுல கர்ப்பப்பைய வாசலோட எடுத்துட்டாங்க."

அப்படியானால் எதற்குப் படுத்தீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஏன் எடுத்தார்கள் என்றுதான் கேட்டேன்.

"ஒரு வருசம் ரத்தம் பட்டுச்சு. அடுத்தவள எல்லாம் படுக்க வச்சேன், நான் யாருக்கிட்டப் படுக்குறது? எல்லாம் தெரிஞ்ச டாக்டருங்க, கூட வேல செய்யிற மிசிமாருங்க. வெக்கமா இருந்துச்சு. போனப்போ பட்டையையும் தாண்டி மரத்துக்குள்ள போயிருச்சு. கதிர் வச்சு, மருந்து ஏத்தி, எப்பிடியோ ஆள மட்டும் மிச்சம் வச்சாங்க."

பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அவர் பையைத் தூக்கிக்கொண்டார். இதை அவளுகளிடம் சொல்லிவிடாதே, சொன்னால் அடுத்த முறை ஒருத்தியும் ஏற மாட்டாள் என்றார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த கிழவருடைய நாக்கை அதற்குள் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அடுத்த வருடம் அவருக்கு இடமாற்றம் வந்து சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். இப்போது வேறு மிசி வருகிறார், நல்ல பிள்ளை, மெதுவாகப் பேசும். கிளினிக் வந்தால் எங்கள் பெண்கள் குளிக்காமல் கொள்ளாமல் மலையிலிருந்து நேராக வந்து வரிசையில் நிற்கிறார்கள். தோல் மிசியே எங்கள் கண் முன்னால் ஏறிப் படுத்தார், நமக்கு என்ன என்று புதிதாக வருகிறவளுக்குச் சொல்கிறார்கள். அவர் படுத்த அந்த முறை என்ன ரிப்போர்ட் வந்தது என்று எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள், மதினி உட்பட.

நல்லா இருக்குன்னு வந்திருக்கு என்றேன்.